நெற்றியில் ஒட்டிய மண்

மழைக்கு ஒதுங்கப் போன இடத்தில் இப்படி ஒரு வம்பு வந்து வாய்க்கும் என்று ஆவுடைச்செல்வி கனவிலும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம். ராஜபாளையம் ரோட்டில் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தவளை ஐப்பசி மழை சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. சட்டென்று கண்ணில் பட்டது அந்தப் பழைய பருத்தி மில். போன வருடம் அதற்கு வெள்ளையடித்து, 'சமகாலக் கலைக்கூடம்' என்று பெரிய போர்டு மாட்டியிருந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் மண் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போகிறாள். ஒருநாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. நமக்கு அங்கே என்ன வேலை?

வாசலில் குடைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தவர் எபினேசர் சார். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் எடுத்தவர். ரிட்டையர் ஆனதும் இந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

"வா மக்கா! மழை பெஞ்சாத்தான் எங்களைக் கண்ணு தெரியுமோ?"

"அப்படியில்ல சார்... எனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியவா சொன்னேன்? போயிப் பாரு."

போனாள். முதல் கூடத்தில் கூரையிலிருந்து ஆயிரக்கணக்கில் காலி நூல் கட்டைகள் தொங்கின. மின்விசிறிக் காற்றில் ஒன்றோடொன்று மோதி டிக்... டிக்... என்றன. அவள் தெருவில் தறி ஓடும் சத்தம் அது. தினமும் கேட்கிற சத்தம்தான்... ஆனால் நின்று கேட்டது இன்றைக்குத்தான். பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்து ஒரு டிவி. அதில் ஒரு பெண் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிடம் அதேதானாம்! 'எங்கம்மா தினமும் துடைக்கா, அவளை எவன் படம் எடுத்தான்?' என்று சிரித்தாள். ஆனால் நகரவில்லை. பத்து நிமிடம் போனபிறகுதான், தன் அம்மாவின் முதுகை இத்தனை நேரம் தான் பார்த்ததே இல்லை என்று உறைத்தது. அடுத்த சுவரில் வெள்ளைச் சட்டத்துக்குள் வெள்ளைத் தாள், அதில் ஒன்றுமே இல்லை. நல்லவேளை, அதைப் பார்த்ததும் சிரிப்பு திரும்பி வந்தது. இதை நானே செஞ்சிருப்பேனே!

கடைசிக் கூடத்தில்தான் வினை காத்திருந்தது.

அரையிருட்டு. நடுவில் தரையோடு தரையாக ஒரு வெள்ளைத் துண்டு விரித்து, மேலேயிருந்து ஒரே ஒரு விளக்கு. துண்டின்மேல் மண். ஒரு படி அளவு இருக்கும். துளைத்துளையாகக் கட்டி கட்டியாக... புற்றுமண்! கோயிலில் புற்றுமண்ணையே பிரசாதமாகத் தரும் சங்கரன்கோவிலில் பிறந்தவளுக்கு, அதைக் கண்டால் யோசனையா வரும்? செருப்பைக் கழற்றினாள். குனிந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டு, "கோமதியம்மா..." என்று கண்ணை மூடினாள். நூறு மண்ணை நூறு நிறத்தில் தினமும் பார்க்கிறவள்தான். இது கோயில் மண்ணைவிடக் கறுப்பு என்று கண் சொல்லத்தான் செய்தது. கை கேட்டால்தானே?

அவள் மட்டும் என்றால் பரவாயில்லை. வாசுதேவநல்லூரிலிருந்து வேனில் வந்த மகளிர் குழு, இருபத்திரண்டு பேர், அவளுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்கள். கோயிலுக்கு வந்தவர்கள், மதியம் நடை சாத்திவிட்டதால், மழைக்கு இங்கே ஒதுங்கியிருந்தார்கள்.

"ஏட்டி, இங்கன பாருங்கட்டி! நடை சாத்துனாலும் ஆத்தா மண்ணைக் காட்டிட்டா!" என்றார் தலைவி சுந்தரம்மாள்.

அவ்வளவுதான். ஆளுக்கொரு சிட்டிகை நெற்றிக்கு. ஆளுக்கொரு பிடி வீட்டுக்கு. கையில் கொடுத்திருந்த கண்காட்சித் தாளைக் கிழித்துப் பொட்டலம் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "மழை விட்டுட்டு, வாங்கட்டி" என்று வேனைப் பார்க்கப் போயேபோய்விட்டார்கள்.

"ஏங்க! கையை எடுங்க!"

துண்டில் சிந்திக் கிடந்ததைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்த செல்வி திரும்பினாள். வாசலில் ஒருவன்... நனைந்த தலை, நெற்றியில் வழியும் தண்ணீர், கையில் டீ கிளாஸ். அந்தக் கண்களைத்தான் முதலில் பார்த்தாள். கோபத்தில் கொதித்தன. அடியில் வேறு என்னவோ இருந்தது... அழுகையா? ஆம்பிளைப் பிள்ளை ஒரு பிடி மண்ணுக்கு அழுவானா என்ன?

"என்ன செஞ்சு வச்சிருக்கீங்க தெரியுமா? இது என் படைப்புங்க! தொடக்கூடாதுன்னு எழுதியிருக்குல்லா?"

அப்போதுதான் சுவரில் இருந்த சின்ன அட்டையைப் பார்த்தாள். 'மிச்சம். வீரபாண்டி, குருவிகுளம்.' கீழே, தொடாதீர்கள். ஐயோ!

தப்பு செய்தவள் தலைகுனிய வேண்டும். ஆனால் இவளுக்கு வாய் சும்மா இருக்காதே!

"இது என்ன மண்ணு?"

"புத்து மண்ணு."

"எங்கூர்ல புத்து மண்ணைக் கீழ கொட்டி, மேல விளக்கும் போட்டு வச்சா, நெத்தியில பூசாம பின்ன என்ன செய்வாங்க?"

"பாப்பாங்க!" கத்தினான். "எங்க வயல்ல நின்ன புத்துங்க. நிலத்தை சோலார் கம்பெனிக்கு வித்தாச்சு. ஜேசிபி ஏறுன அன்னைக்கு ஒரு துண்டுல அள்ளுனது இவ்வளவுதான். இனி அந்த மண்ணு உலகத்துல எங்கயும் கிடையாது. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க... போர்டைப் படிக்க மாட்டீங்களா? எபினேசர் சார்! இந்த ஊருக்கு இதெல்லாம் ஆகாது. அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் கொச்சிக் கண்காட்சிக்கு லாரி ஏத்துதேன். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்."

செல்வியின் முகம் சிவந்தது. அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்... ஊரைச் சொல்வதா?

"ஊரைச் சொல்லாதீங்க. முதல்ல கை வச்சது நான். தப்பு என்னோடது." எழுந்து நின்றாள். "வார சனிக்கிழமைக்குள்ள உங்க மண்ணு உங்க கைக்கு வரும்."

"பூசுன மண்ணை எப்படித் திருப்புவீங்க?"

"பொட்டலம் கட்டுனதைத் திருப்பலாம்லா? மண்ணு எங்க போகும்! நான் மண்ணுலதான் வேலை பாக்கேன்."

அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு. கேலியாகச் சிரித்தாலும் கன்னத்தில் குழி விழுந்தது... அந்த நேரத்தில் அதையெல்லாம் எதற்குக் கவனித்தாள் என்று அவளையே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வருகைப் பதிவேட்டில் சுந்தரம்மாளின் முகவரி இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் செல்வி வாசுதேவநல்லூரில் நின்றாள்.

"சாமி மண்ணைத் திருப்பிக் கேக்க நீ யாருட்டி?" சுந்தரம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "மண்ணைப் பூசி ராத்திரி எனக்கு மூட்டு வலியே இல்ல பாத்துக்கோ."

"அது கலைப்பொருளும்மா..."

"என்ன பொருளோ! தரமாட்டேன், போ."

செல்வி போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். எப்படிச் சொல்வது? அவன் கண் ஞாபகம் வந்தது. அந்தக் கண் சொன்னதையே சொன்னாள்.

"அது கோயில் மண்ணு இல்லம்மா. குருவிகுளத்துல ஒருத்தரோட வயக்காட்டு மண்ணு. நிலத்தை வித்துட்டாங்க. ஜேசிபி வந்து புத்தை இடிக்கும்போது ஒரு துண்டுல அள்ளிட்டு வந்திருக்காரு. அவங்க நிலத்துல மிச்சம் இருந்ததே அவ்வளவுதான்..."

சுந்தரம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். உள்ளே போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்தார்.

"இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? நானும் வயலை வித்தவதான். கிறுக்கி... வா, மத்தவளுகளைப் பாப்போம்."

லேசில் முடியவில்லை. ஒருத்தி கரும்பு வெட்டப் போயிருந்தாள், ஒருத்தி கடையநல்லூரில் மகள் வீட்டில் இருந்தாள். ஒருத்தி கோயில் புற்றுமண் வைத்திருந்த டப்பாவில் இதையும் கொட்டிவிட்டிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். இன்னொருத்தி, "ஆட்டுக் கால்ல புண்ணு... அதுல பூசிட்டேன் தாயி" என்று ஆட்டையே இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். தினமும் ஆபீஸ் முடிந்ததும் பஸ் ஏறினாள் செல்வி. கிடைத்த பொட்டலங்களில் கொடுத்தவர் பெயரை எழுதி வாங்கிக்கொண்டாள். கையெழுத்து வராதவர்களுக்குத் தானே எழுதினாள்.

புதன்கிழமை ஒன்பது பொட்டலங்களைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். வீரபாண்டி ஒவ்வொன்றாகப் பிரித்தான். கோணல்மாணலாக எழுதியிருந்த பெயர்களைப் படித்தான். மண் சிந்தாமல் மறுபடி மடித்து வைத்தான்.

"ஒரு நன்றி சொன்னா வாய் தேஞ்சு போயிருமோ?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் மனசு ஆறவில்லை. இவனுக்காகவா அலைகிறேன்? இல்லையே, ஊருக்காக... ஊருக்காகத்தானே?

வியாழக்கிழமை சாயங்காலம் வாசுதேவநல்லூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினாள். பின்வாசல் வழியாக அவனும் இறங்கினான்! மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"நீங்க எங்க இங்கன?"

"என் மண்ணைத் தேடி நீங்க அலையுதீங்க. நான் அங்கன உக்காந்து காத்து வாங்குனா நல்லாவா இருக்கும்?"

குடையை விரித்தாள். அவன் இரண்டடி தள்ளி நனைந்துகொண்டே நடந்தான்.

"குடைக்குள்ள வாங்க."

"வேண்டாம்."

"குடைக்குமா வீம்பு? சளி பிடிச்சா அதுக்கும் எங்கூரைத்தான் குத்தம் சொல்வீங்க!"

சிரித்துவிட்டான். இது கேலிச் சிரிப்பு இல்லை. குடைக்குள் வந்தான்... தோள் படாமல் இருக்க இரண்டு பேரும் பட்ட பாடு இருக்கிறதே! ஆளுக்கொரு பக்கம் பாதி உடம்பு நனைந்ததுதான் மிச்சம்.

டீக்கடையில் ஒதுங்கினார்கள். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி அவன் பேசினான்.

"அந்த சோலார்ல எங்கய்யாதான் வாட்ச்மேன். அவரு நிலத்துக்கு அவரே காவல். யூனிஃபார்ம் போட்டுட்டு கேட்டுல நிக்காரு. அன்னைக்கு நான் மண்ணு அள்ளப் போனப்போ, என்னைத் தடுத்ததே அவருதாங்க. 'உள்ள வரக்கூடாதுய்யா, ஆர்டர்'னாரு. நான் அசையாம நின்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தாரு... பொறவு, தோள்ல கிடந்த துண்டை எடுத்து என் கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

அந்த வெள்ளைத் துண்டு! அதன்மேல்தான் எல்லாரும் கை வைத்தார்கள். அவள்தான் முதலில் வைத்தாள். கண் நிறைந்து வழிந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

"அழாதீங்க. அன்னைக்கு ஊரைச் சொன்னது தப்பு. நேத்தே சொல்லணும்னு நினைச்சேன்... வாய் வரல."

"அப்போ போகாதீங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி இன்னும் இமையில் நின்றது. ஒரு நிமிடம்... அந்தப் பார்வைக்குள் அவள் அப்படியே நின்றாள். பிறகு அவனே கண்ணை விலக்கிக்கொண்டான்.

"சொல்லியாச்சுங்க, கொச்சிக்காரங்ககிட்ட. எல்லார் முன்னாலயும் போறேன்னு கத்திட்டு... இப்போ எந்த மூஞ்சிய வச்சிட்டு இருக்கச் சொல்லுதீங்க?"

வீம்பு! அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிடித்திருக்கிறது. இந்த வீம்புக்காரனை எனக்குப் பிடித்திருக்கிறது. சரி... அவன் வீம்பு பெரிதா, என் பிடிவாதம் பெரிதா, பார்த்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். கடையநல்லூர் போனாள். கரும்புக் காட்டுக்கு நடந்தாள். மிச்சம் இருந்த ஒவ்வொரு வாசலிலும் ஏறி இறங்கினாள்.

சனிக்கிழமை காலை. அதே கூடம், அதே விளக்கு, அதே வெள்ளைத் துண்டு. எபினேசர் சார் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இதைப் பார்க்காமல் நகர்வதாக இல்லை. செல்வி பையைத் திறந்து பொட்டலங்களை வரிசையாக வைத்தாள்.

"புதன்கிழமை தந்தது ஒம்பது. இங்க பன்னெண்டு. ஒண்ணு மட்டும் வரல."

"அது?"

"ஆட்டுக் கால்ல இருக்கு. வேணும்னா ஆட்டைப் பிடிச்சிட்டு வாரேன்."

எபினேசர் சார் இருமிக்கொண்டே சிரித்தார்.

"இந்த மூணும் கோயில் மண்ணோட கலந்துட்டு," என்றாள் செல்வி. குரல் இறங்கியிருந்தது. "சல்லடையில போட்டுப் பாத்தேன். பிரிக்க முடியலங்க. மன்னிச்சிடுங்க."

வீரபாண்டி அந்த மூன்றையும் கையில் வாங்கினான். கறுப்பும் வெளுப்புமாக இருந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"பிரிக்க வேண்டாம்," என்றான். மூன்றையும் முதலில் கொட்டினான். மேலே மற்றவற்றைக் கொட்டினான். குவியல் பழைய உயரத்துக்கு வந்தது. வெறும் தாள்களைத் தூக்கிப் போடவில்லை. பெயர் தெரியும்படி, துண்டைச் சுற்றிலும் ஒவ்வொன்றாகப் பரப்பினான். பிறகு எழுந்து போய், சுவரில் 'தொடாதீர்கள்' என்று இருந்த வரியைப் பேனாவால் அடித்தான்.

செல்வி அவன் பக்கம் போனாள். இனி தாமதித்தால் இந்த ஜென்மத்தில் சொல்ல முடியாது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. என் நெத்தியில ஒட்டுனது."

கைப்பையிலிருந்து சின்னத் துணிப்பை ஒன்றை எடுத்தாள். அவள் ஆபீஸில் விவசாயிகள் மண் மாதிரி கொண்டுவரும் பை. மண்ணைப் பூசிய அன்று சாயங்காலமே நெற்றியிலிருந்ததை உதிர்த்து அதில் போட்டுக் கட்டியிருந்தாள். நூலில் விவரச் சீட்டு தொங்கியது. அவள் கையெழுத்து. வீரபாண்டி வாய்விட்டுப் படித்தான்.

"விவசாயி பெயர், வீரபாண்டி. ஊர், குருவிகுளம். பாசன வசதி, மானாவாரி. முன் பயிர்..." நிறுத்தினான். "முன் பயிர், சண்டை?"

"அதான விளைஞ்சுது?"

"அடுத்து சாகுபடி செய்யப்போகும் பயிர்... இது ஏன் காலியா இருக்கு?"

"அதை விவசாயிதான் சொல்லணும். நாங்களா எழுதக்கூடாது."

"நிலமே இல்லாதவன்கிட்ட என்ன பயிர்னு கேக்கீங்களே..."

"சாக்கு சொல்லாதீங்க. மண்ணு இருக்குல்லா?" நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. "அஞ்சாறு நாளு இருபத்திரண்டு வாசப்படி ஏறுனேன். முதல்ல ஊருக்காகத்தான் ஏறுனேன். பொறவு அப்படியில்ல. நீங்க நாளைக்கு லாரி ஏறுனாலும் சரிதான், இதைச் சொல்லாம அனுப்பமாட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எழுதுங்க, இல்லன்னா சீட்டைத் திருப்பிக் குடுங்க."

முன் கூடத்து நூல் கட்டைகள் மட்டும் டிக்... டிக்... என்றன.

அவன் அதே பேனாவை எடுத்தான். சுவரோடு சீட்டை அணைத்து வைத்து, நிறுத்தி நிதானமாக எழுதி நீட்டினான்.

அடுத்து சாகுபடி செய்யப்போகும் பயிர்: ஆவுடைச்செல்வி.

எழுத்து கலங்கித் தெரிந்தது அவளுக்கு. வாய் மட்டும் அடங்கவில்லை. "லாரி?"

"வர வேண்டாம்னு நேத்தே போன் பண்ணிட்டேன்."

"நேத்தேவா? அப்போ இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டு வேடிக்கை பாத்தீங்களா!"

"நீங்க பேசுறது நல்லாருந்துச்சு..." கன்னத்தில் குழி விழுந்தது. "பிடிச்சிருக்குங்க. அன்னைக்கு அந்தக் கோபத்துலயே பிடிச்சிட்டு. மண்ணு பூசுன நெத்தியோட நின்னு 'ஊரைச் சொல்லாதீங்க'ன்னீங்கல்லா, அப்பவே. பொறவு சொல்லத்தான் வாய் வரல."

எபினேசர் சார் ஸ்டூலை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தார். "அந்த நூல் கட்டை ஒண்ணு அவுந்து கிடக்குன்னு நினைக்கேன்..." என்று யாரும் கேட்காமலே காரணம் சொல்லிக்கொண்டார்.

"சீட்டுல இன்னும் ஒரு வரி காலியா இருக்கே?" என்றான் வீரபாண்டி. "பரிந்துரைன்னு போட்டிருக்கு."

"அது ஆபீஸ்ல நாங்க எழுதுறது."

பேனாவை வாங்கினாள். அப்பா என்ன சொல்வார், அம்மா என்ன சொல்வாள், நாளைக்கே தெருவில் என்ன பேச்சு ஓடும்... எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாரிடமும் பேசிக்கொள்ளலாம். வாசற்படி ஏறுவது அவளுக்கு ஒன்றும் புதிதில்லையே!

தினமும் நூறு சீட்டில் எழுதுகிற அதே கையெழுத்தில், அழுத்தி எழுதினாள்.

பரிந்துரை: இந்த மண்ணுக்கு ஏற்றது.

கீழே தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாள்.